நிலத்துக்கு இரண்டு மரக்காலா?

களத்து மேட்டில் கூலிக்குக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும், பண்ணையார் வீட்டில் மரக்கால் இரண்டு. நெல்லை அளந்து பத்தாயத்தில் கொட்டும்போது ஒரு மரக்கால், அது பெரியது. பண்ணையாளுக்குக் கூலி அளக்கும்போது வேறொரு மரக்கால், அது சின்னது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், வயிறுதான் வேறு. தஞ்சைத் தரணியில் பண்ணையாட்கள் சங்கம் கட்டி எழுந்தபோது, "கள்ள மரக்கால் வேண்டாம், முத்திரை மரக்காலால் அள!" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டதற்காகச் சவுக்கடி பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை இன்று படிக்கிறார்கள்.

அந்தக் கள்ள மரக்கால்கள் ஒழிந்துபோய்விட்டன என்று நினைத்தால் நாம் ஏமாந்தோம். அவை பட்டணத்துக்குக் குடிபோய்விட்டன. இப்போது அவற்றால் நெல் அளப்பதில்லை, நிலம் அளக்கிறார்கள். அதிலும் ஆலை முதலாளி பல ஆண்டுகள் நஞ்சு கொட்டிய நிலத்தை அளக்கிறார்கள்!

"கொட்டிய நஞ்சை அள்ளு, மண்ணைச் சுத்தம் செய்" என்று கேட்டால் பதில் வருகிறது: "இது ஆலை நிலம்தானே? இங்கே யார் குடியிருக்கப் போகிறார்கள்? கொஞ்சம் துடைத்தால் போதும்." இது சின்ன மரக்கால். ஆலையை மூடி நிலத்தை விற்கும் நாள் வந்தால் அதே வாய் வேறு பேசுகிறது: "இது நகரத்தின் நடு இடம், அருமையான வீட்டு மனை, சதுர அடி இன்ன விலை." இது பெரிய மரக்கால். துடைக்கும் நாளில் ஆலை நிலம், விற்கும் நாளில் வீட்டு மனை! இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் கொள்ளை லாபம். அந்த லாபத்துக்கு வட்டி கட்டுகிறவர்கள் யார்? அந்த மண்ணில் தவழும் குழந்தைகளும், அதன் கீழ்ப்புறத்தில் கிணற்று நீர் இறைக்கும் விவசாயத் தொழிலாளர்களும், அந்த ஆலையிலேயே நுரையீரலைத் தொலைத்த பழைய தொழிலாளர்களும்தான்.

வர்ணம் பூசும் வித்தை

ஒரு நகரத்துக்குத் திட்டம் போடும்போது சர்க்கார் ஒரு வரைபடம் தயார் செய்கிறது. குடியிருப்புக்கு ஒரு வர்ணம், கடைத்தெருவுக்கு ஒரு வர்ணம், ஆலைக்கு ஒரு வர்ணம், வயலுக்கு ஒரு வர்ணம். எந்த வர்ணத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று விதி. தமிழ்நாட்டில் இதற்கு 1971-ம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. சென்னைக்கு இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது.

திட்டமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தோல் ஷாப்புக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் வரக் கூடாது, ரசாயன ஆலைச் சுவரை ஒட்டிக் குடிசை வரக் கூடாது என்று சொல்ல ஒரு விதி வேண்டும்தான். திட்டம் இல்லாத நகரத்தில் முதலில் சாகிறவன் ஏழைதான். ஆனால் வரைபடத்தின் வர்ணம் மண்ணுக்கு மேலே. நஞ்சு மண்ணுக்குக் கீழே. மனுப் போட்டு, கட்டணம் கட்டி, ஓர் உத்தரவு வாங்கினால் வர்ணம் மாறிவிடுகிறது. மண் மாறுகிறதா? நேற்று ஆலை வர்ணத்தில் இருந்த நிலம் இன்று குடியிருப்பு வர்ணத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக, அதற்குள் இறங்கிய ஈயம் எழுந்து போய்விடுமா?

பழைய மில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சாயத் தொட்டி இருந்த இடம் எது, பாய்லர் சாம்பலைக் கொட்டிய மேடு எது, டிரான்ஸ்பார்மர் எண்ணெய் ஒழுகிய மூலை எது, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைப் புதைத்த குழி எது, இரவு ஷிப்டில் கழிவு நீரைத் திறந்துவிட்ட வாய்க்கால் எது? இவை எந்த முழுமைத் திட்ட வரைபடத்திலும் இல்லை. இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்த தொழிலாளியின் மூளை. அவனைக் கேட்டுவிட்டா நிலத்தை விற்கிறார்கள்? கணக்கைத் தீர்த்து கேட்டுக்கு வெளியே அனுப்பிய பிறகு அல்லவா விற்கிறார்கள்!

இன்னொரு வேடிக்கை. அரைக்கால் காணி நிலம் வாங்கினாலும் நாம் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் வில்லங்கச் சான்று எடுக்கிறோம். அந்த நிலத்தின் மேல் அடமானம் பதிவாகியிருந்தால் அதில் வரும். கிரயம் பதிவாகியிருந்தால் வரும். பாதரசம் இருந்தால்? குரோமியம் இருந்தால்? ஒரு வரி வராது. ஆயிரம் ரூபாய்க் கடன் வில்லங்கமாம். ஆயிரம் டன் நஞ்சு வில்லங்கம் இல்லையாம்! இது யாருடைய நியாயம்?

ஒரு டாலருக்கு விற்ற நிலம்

இந்த விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அமெரிக்காவே உலகத்துக்குக் காட்டிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் லவ் கெனால் என்று ஓர் இடம். பாதியில் கைவிட்ட பழைய கால்வாய்ப் பள்ளம். ஹூக்கர் என்ற ரசாயனக் கம்பெனி 1942 முதல் 1953 வரை அந்தப் பள்ளத்தில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி, மேலே மண் போட்டு மூடியது. பிறகு 1953-ல் அந்த நிலத்தை ஊர்ப் பள்ளி வாரியத்துக்குக் கிரயம் செய்து கொடுத்தது. விலை ஒரே ஒரு டாலர்!

பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது: உள்ளே ரசாயனக் கழிவு கிடக்கிறது, இதனால் யாருக்காவது காயமோ சாவோ நேர்ந்தால் கம்பெனியிடம் கேட்கக் கூடாது. பள்ளி வாரியத்துக்கு அது தெரியாதா? தெரியும். மலிவாக நிலம் கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டது. அதன் மேல் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சுற்றிலும் வீடு கட்டினார்கள். ஆலைகளில் பாடுபட்டு, மாதத் தவணை கட்டி வீடு வாங்கிய தொழிலாளர் குடும்பங்கள் குடிவந்தன. அவர்களிடம் யாரும் ஷரத்தைப் படித்துக் காட்டவில்லை.

மழை பெய்தது, நஞ்சு ஊறியது. வீட்டு நிலவறைச் சுவர்களில் கசிந்தது, குழந்தைகள் விளையாடும் புல்வெளியில் மேலே வந்தது. லூயிஸ் கிப்ஸ் என்ற இளந்தாய் வீடு வீடாகக் கதவைத் தட்டி நோய்க் கணக்கு எடுத்தார். அதிகாரிகள் அதை "வீட்டுப் பெண்களின் கணக்கு" என்று ஒதுக்கப் பார்த்தார்கள். மக்கள் விடவில்லை. 1978 ஆகஸ்டில் ஜனாதிபதி கார்ட்டர் அவசர நிலை அறிவித்தார். 1980-ல் இரண்டாவது அறிவிப்பும் வந்தது. சுமார் 900 குடும்பங்கள் வீட்டை விட்டுப் போயின. அந்த 1980-ம் ஆண்டின் முடிவிலேயே, நஞ்சு கொட்டியவனைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்யும் செலவை வசூலிக்கும் சட்டம் அங்கே பிறந்தது. ஹூக்கரை விலைக்கு வாங்கிய கம்பெனி 1995-ல் மத்திய சர்க்காருக்கு 12 கோடியே 90 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு டாலர் ஷரத்து முதலாளியைக் காப்பாற்றவில்லை. ஏன்? சட்டம் தானாக இரங்கியதாலா? இல்லை. தெருவில் இறங்கிய தாய்மார்கள் இருந்ததால்.

பாடம் இதுதான்: பத்திரம் கை மாறும், நஞ்சு இடம் மாறாது. பொறுப்பைக் காகிதத்தில் கைகழுவலாம். மண்ணைக் கைகழுவ முடியாது.

வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்கு

அதே நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்று ஓர் ஊர். அங்கே பாதரச வெப்பமானி செய்த ஆலை ஒன்று இருந்தது. அங்கிருந்து பெயர்த்து எடுக்கப்பட்ட அந்த ஆலை எங்கே வந்து இறங்கியது தெரியுமா? நம் கொடைக்கானல் மலைக்கு! பாண்ட்ஸ் கம்பெனி 1983-ல் தொடங்கியது. 1987-ல் உலக அளவில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியபோது ஆலையும் அதன் கைக்கு வந்தது. அங்கே நஞ்சுக்குப் பொறுப்பாளியைப் பிடிக்கும் சட்டம் வந்தது 1980. இங்கே ஆலை வந்தது 1983. முதலாளியின் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல நாம் ஜோசியர்கள் அல்ல. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம், வாசகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பாதரசம் லேசுப்பட்ட பண்டம் அல்ல. அறையின் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். அதற்கு வாசனை கிடையாது, தொண்டை கரிக்காது. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். தண்ணீரில் சேர்ந்தால் மீனுக்குள் வேறு வடிவம் எடுத்து இன்னும் கொடிய நஞ்சாகும். அந்த ஆலை நின்ற இடமோ பாம்பார்ச் சோலையின் தலைமாடு. சோலையில் விழும் மழை பாம்பாராக இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் சமவெளிக்கு வருகிறது. மலையில் கொட்டுகிறவன் ஒருவன். அடிவாரத்து வயலில் அந்த நீரில் நின்று நாற்று நடுகிறவள் வேறொருத்தி.

2001 மார்ச்சில் குட்டு உடைந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. ஊர் திரண்டது, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே கப்பலேறியது. ஏழை நாட்டு மக்கள் போராடி, நஞ்சைப் புறப்பட்ட தேசத்துக்கே திருப்பி அனுப்பிய அபூர்வ வெற்றி அது. ஆலை வேலையால் உடல் கெட்டது என்று பழைய தொழிலாளர்கள் வழக்காடினார்கள். "எங்கள் ஆலையால் யார் ஆரோக்கியமும் கெடவில்லை" என்றே நிறுவனம் கடைசி வரை சொல்லி வந்தது. ஆனாலும் 2016 மார்ச்சில் 591 பழைய தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து வருஷம் விடாமல் நின்ற பலன் அது!

கண்ணாடி கப்பலேறியது, மண்? மண்ணுக்குள் இறங்கிய பாதரசம்? இங்கேதான் மரக்கால் வருகிறது, தோழர்களே!

எவ்வளவு சுத்தம் செய்தால் "சுத்தம்" என்று சொல்லலாம்? முதலில் பேசப்பட்ட அளவு, குடியிருப்பு நிலத்துக்குரியது: ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராம் பாதரசம். பிறகு அந்த இடத்துக்கென்றே தனி ஆய்வு நடத்தி, 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அளவைத் தளர்த்தினார்கள். ஒரே எழுத்து மாற்றம், ஒன்று இரண்டாயிற்று. மண்ணில் விட்டு வைக்கக்கூடிய நஞ்சும் இரட்டிப்பாயிற்று! யூனிலீவரின் சொந்த வீடுகளில் ஒன்றான இங்கிலாந்திலே, உலோகப் பாதரசத்துக்கு, குடியிருப்பு நிலத்துக்கென்று 2009-ல் வெளியான வழிகாட்டு அளவு எவ்வளவு? கிலோவுக்கு 1 மில்லிகிராம்! வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு மரக்கால், கொடைக்கானல் குழந்தைக்கு வேறு மரக்காலா என்று ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்க் கேட்டார்கள். ஆனாலும் 20 என்ற அளவே நின்றது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுவோம். "இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்களை வெட்ட வேண்டும், சரிவில் மண் அரித்துப் போகும், சோலை கெடும்" என்பது அவர்கள் வாதம். சரிவில் மண் அரிக்கும் என்பது பொய் அல்ல. ஆனால் நாம் கேட்கிறோம்: மண் அரிக்கும் சரிவு என்றால், அந்த மண்ணில் விட்டு வைத்த பாதரசம் மட்டும் அரிக்காமல் அங்கேயே தவம் இருக்குமா? மழைக்கு மழை அதுவும் இறங்காதா? மரம் விழாமல், மண் சரியாமல், பகுதி பகுதியாக, கையால் எடுத்துச் சுத்தம் செய்ய வழியே இல்லையா? வழி இருக்கிறது. செலவு இருக்கிறது. நாள் பிடிக்கிறது. முதலாளிக்கு மரத்தின் மேல் வந்த காதல், ஆலை ஓடிய பதினெட்டு வருஷத்தில் ஏன் வரவில்லை?

பம்பாய் மில் தொழிலாளி கண்ட கணக்கு

துடைக்கும் மரக்காலைப் பார்த்தோம். விற்கும் மரக்கால் எப்படி இருக்கும் என்பதைப் பம்பாய் மில் தொழிலாளர்களைக் கேளுங்கள். 1982 ஜனவரி 18-ம் தேதி சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அங்கே வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரத்தின் நடுவில் சுமார் 600 ஏக்கர் மில் நிலம். நூல் நூற்பதை விட நிலத்தை விற்பது லாபம் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது.

1991-ல் ஒரு விதி வந்தது. மில் நிலத்தைப் புதிதாக உபயோகப்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்குத் திறந்த வெளி. ஒரு பங்கு ஏழை, நடுத்தர மக்களுக்கான பொது வீடுகள். ஒரு பங்கு முதலாளிக்கு. குறை இருந்தாலும் கேட்கக் கூடிய விதி. 2001-ல் அதே விதியில் ஒரு சிறு திருத்தம். மொத்த நிலத்தில் அல்ல, ஏற்கெனவே கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் துண்டில் மட்டும் பங்கு போட்டால் போதுமாம்! மில் என்றால் என்ன, மைதானமா? சுவரிலிருந்து சுவர் வரை ஷெட்டுதானே! நகரத்தின் பங்கும் ஏழையின் பங்கும் துண்டுத் துணியாகச் சுருங்கின. முதலாளியின் பங்கு வேட்டியாக விரிந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2005-ல் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றித் திருத்தத்தையே நிலைநிறுத்தியது. இன்று அங்கே ஆடம்பர மால்கள், ஆகாயம் தொடும் மாடிகள். பழைய தொழிலாளிக்கோ லாட்டரிச் சீட்டில் வீடு! விண்ணப்பித்தவர்கள் லட்சத்தைத் தாண்டியவர்கள். சாவி கிடைத்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதி.

வர்ணம் மாறியதால் அந்த நிலத்தின் விலை பல மடங்கு உயர்ந்ததே, அதற்காக முதலாளி ஒரு செங்கல்லாவது சுமந்தாரா? விலையை உயர்த்தியது யார்? ரயில் போட்டது, தெரு போட்டது, தண்ணீர்க் குழாய் போட்டது ஊர்ப் பணம். நகரமாக்கியது மக்கள் உழைப்பு. வர்ணத்தை மாற்றியது சர்க்காரின் கையெழுத்து. லாபம் மட்டும் தனி ஒருவன் சட்டைப் பைக்கு! நமது சென்னைப் பெரம்பூரில், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குப் பிறப்பிடமான பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், 1996-ல் மூடப்பட்டு, அதன் நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. கோவையிலும் மதுரையிலும் மில் சங்கு ஓய்ந்த இடங்களைக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் நாம்.

ராணிப்பேட்டையும் புது விதியும்

முதலாளி ஓடிவிட்டால் என்ன ஆகும்? ராணிப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப் போன சொத்து ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு. மழைக்காலத்தில் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அந்த வகைக் குரோமியம் புற்றுநோய் தரக் கூடியது. ஆலையின் எல்லைக்கல் ஆலைக்குத்தான் தெரியும். நிலத்தடி நீருக்குத் தெரியாது. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு பாய்ந்த யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து, நாற்பது வருஷம் கழித்து, 2025 ஜனவரியில்தான் சுமார் 337 டன் கழிவை அள்ளி பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் மக்களும் "எங்கள் ஊரா உங்களுக்குக் குப்பைத்தொட்டி?" என்று எழுந்தார்கள். ஆலைக்குள் குவித்து வைத்தது போயிற்று. மண்ணிலும் நீரிலும் இறங்கியது இன்னும் அங்கேதான்.

2025 ஜூலையில் மத்திய சர்க்கார், நஞ்சேறிய நிலங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியல் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும். நஞ்சு கொட்டியவனைக் கண்டுபிடித்துச் செலவை வாங்க வேண்டும். நல்லது, வரவேற்கிறோம். போராடாமல் இதுவும் வந்திராது. ஆனால் ஓட்டை எங்கே? சோதனைக்குக் கெடு உண்டு; சுத்தம் செய்து முடிக்கக் கெடு இல்லை. விதிகள் வந்தபோது வெளியான கணக்கு என்ன? தேசம் முழுவதும் அடையாளம் கண்ட இடம் 103. சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்தது 7. நூற்று மூன்று வீட்டில் நெருப்பு, ஏழு வீட்டுக்கு மட்டும் தண்ணீர்க் குடம்! அந்த 103-ம் எவ்வளவு குறைச்சலான கணக்கு என்பது, தன் ஊர் மூடிய ஆலைகளை விரல் விட்டு எண்ணிப் பார்க்கிற எவருக்கும் விளங்கும்.

"வீடு வேண்டாமா? வேலை வேண்டாமா?"

இப்படி எழுதினால் ஒரு கேள்வி வரும்: "நிலம் சும்மா கிடந்தால் யாருக்கு லாபம்? கட்டடம் எழுந்தால் வேலை வரும், வீடு வரும். நஞ்சு நஞ்சு என்று கத்தினால் எல்லாம் நின்றுவிடும்." இதை முதலாளி மட்டும் சொல்லவில்லை, வேலையில்லாமல் வாடும் நம் தோழர்களும் சொல்கிறார்கள். ஆகவே நேராகவே பதில் சொல்லுவோம்.

வீடு வேண்டும். வேலை வேண்டும். மூடிய ஆலை நிலம் முள்செடி முளைத்துக் கிடக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. விளைநிலத்தை விழுங்குவதை விட, பழைய ஆலை நிலத்தைச் சுத்தம் செய்து நகரம் அதில் வளர்வது ஆயிரம் மடங்கு நல்லது. விவசாயத் தொழிலாளியின் வயல் பிழைக்கும். மண்ணைச் சுத்தம் செய்வதும் ஒரு வேலைதான். அதிலும் கூலி உண்டு. ஆனால் அந்த வேலைக்கு யாரை அழைக்கிறார்கள்? எந்த மண் என்று சொல்லாமல், கையுறையும் முகமூடியும் கொடுக்காமல், ஊரிலிருந்து லாரியில் ஏற்றி வந்த தினக்கூலியை! ஆலை ஓடும்போது நஞ்சு தின்றவன் தொழிலாளி. மூடிய பிறகு நஞ்சு அள்ளுகிறவனும் தொழிலாளி. கடைசியில் அந்த நஞ்சின் மேல் மலிவு வீடு என்று குடியேற்றப்படுகிறவனும் தொழிலாளி! மூன்று முறை ஒரே ஆளைக் கொல்லும் அபிவிருத்தியையா வேலை என்பது?

முத்திரை மரக்கால் எது?

ஆகவே நமது கோரிக்கை சுருக்கமானது. இரண்டு மரக்கால் வேண்டாம். ஒரே மரக்கால், முத்திரை மரக்கால் வேண்டும்.

ஒன்று: மண்ணில் விளையாடும் குழந்தையே அளவுகோல். எந்த வர்ணத்தில் இருந்தாலும் நஞ்சேறிய நிலத்தைக் குடியிருப்புக்குரிய அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கேயாவது உண்மையிலேயே அது முடியாது என்றால், அந்த நிலத்தின் வர்ணத்தை என்றைக்கும் மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். சின்ன மரக்காலால் துடைத்தவன் பெரிய மரக்காலால் விற்கக் கூடாது.

இரண்டு: மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி, ஆலைக் கேட்டிலும் வார்டு ஆபீசிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்டாத வரை வர்ண மாற்றமும் கட்டட அனுமதியும் கிடையாது என்று விதி வேண்டும். நஞ்சின் பெயரும் அளவும் வில்லங்கச் சான்றில் வர வேண்டும்.

மூன்று: கொட்டியவனே செலவு கொடுக்க வேண்டும். ஆலையை மூடுமுன், நிலத்தில் ஒரு செண்டு விற்குமுன், அந்தத் தொகை சர்க்கார் கையில் கட்டப்பட வேண்டும். திவாலான ஆலையில் தொழிலாளி பாக்கியும் மண்ணைச் சுத்தம் செய்யும் செலவும் முதலில். பாங்கிக் கடன் பிறகு.

நான்கு: ஆலையின் பழைய தொழிலாளர்களின் வாக்குமூலம் வாங்காமல் எந்தச் சோதனையும் முழுமையானதாகக் கூடாது. அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆயுள் முழுவதும் இலவச வைத்தியம் வேண்டும்.

ஐந்து: நஞ்சு மண் அள்ளும் வேலைக்குத் தனிக் கூலி, முழுப் பாதுகாப்பு, வேலைக்கு முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை. காண்டிராக்டர் தலையில் கட்டிவிட்டுக் கம்பெனி நழுவக் கூடாது.

ஆறு: வர்ணம் மாறியதால் ஏறிய விலையில் பெரும் பங்கு, அந்த ஆலையில் உழைத்தவர்களுக்கு வீடாகத் திரும்ப வேண்டும்.

இதற்கெல்லாம் டெல்லியையோ கோட்டையையோ பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மில் தொழிலாளர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு பெரிய காகிதத்தை விரியுங்கள். மூத்த தோழர்களைக் கூப்பிட்டு, ஆலையின் எந்த மூலையில் எது கொட்டப்பட்டது, எந்த வருஷம், யார் உத்தரவில் என்று வரையுங்கள். அதுதான் உண்மையான முழுமைத் திட்டம். விவசாயத் தொழிலாளர்களே, எந்தக் கிணற்று நீர் நிறம் மாறியது, எந்த வாய்க்காலில் மீன் செத்தது, எந்த வயலில் இறங்கினால் கால் அரிக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு காகிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். "ஆறு மாதப் பட்டியல் தர வேண்டுமே, அதில் எங்கள் ஊர் இருக்கிறதா?" என்று கேட்போம். இல்லை என்றால், எழுது என்போம்.

லவ் கெனாலில் கதவு கதவாகத் தட்டியவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, தாய்மார்கள். கொடைக்கானலில் பதினைந்து வருஷம் விடாமல் நின்றவர்கள் வக்கீல்கள் அல்ல, தொழிலாளர்கள். அன்று களத்து மேட்டில் கள்ள மரக்காலைப் பிடுங்கிய கையும் நம் கைதான். இன்று நிலத்தை அளக்கும் கள்ள மரக்காலைப் பிடுங்க வேறு கை வரப் போவதில்லை.

கொட்டியவன் அள்ளட்டும்! அள்ளிய பிறகே விற்கட்டும்! அளப்பது முத்திரை மரக்காலாக இருக்கட்டும்!